தகுதி நீக்கம் செய்யப்பட்ட கிடா

“பின்னங்கால்ல வலுவே இல்லப்பா!”

கல்யாண மண்டபம் முழுவதும் அந்தக் குரல் கேட்டது. அதற்குச் சற்று முன்புதான் கரண்ட் போயிருந்தது. மேடையில் மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்த மண்டப உரிமையாளர் ராஜாங்கத்தின் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கீபோர்டும் நின்றுவிட்டது, மின்விசிறிகளும் நின்றுவிட்டன. அந்த அமைதியில் விழுந்த ஒரே வாக்கியம் இதுதான்.

அங்கிருந்த அத்தனை பேரும் பன்னிரண்டாம் எண் ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அது என் ஓவியம். ‘கன்னி’ என்கிற நாட்டு இனத்து ஆட்டுக் கிடா. கரிய உடம்பு, கொம்படியிலிருந்து மூக்கு வரை இரண்டு வெள்ளைக் கோடு, நேராக உங்களைப் பார்க்கும் கண்.

அதன் முன்னால் தோளில் துண்டோடு நான்கு பேர் நின்றார்கள். அய்யலூர் ஆட்டு வியாபாரிகள். நடுவில் நின்றவர் கருப்பையா. பாட்டுச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிவிட்டதால், பாட்டு நின்றது அவருக்குத் தெரியவில்லை. அதே குரலில் தொடர்ந்தார்.

“கண்ணப் பாரு, சோகை புடிச்ச மாதிரி. இதெல்லாம் ஒரு கிடாவா?”

மணமகள் அறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி சகுந்தலா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அது மனைவியின் பார்வை அல்ல. அன்று அவள் தேர்தல் அலுவலர்.

எனக்குத்தான் ஓட்டு என்று காலையில் கையைப் பிடித்துச் சொல்லியிருந்த ரேஷன் கடைக்காரரும் அவர் மனைவியும், மெதுவாக ஐந்தாம் எண் ஓவியத்தின் பக்கம் நகர்ந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆடியில் மட்டும் பூக்கும் கலை

எங்கள் திண்டுக்கல்லில் ஓவியக் கண்காட்சி எப்போதும் ஆடியில்தான் நடக்கும். அதற்கு ஆழமான காரணம் எதுவும் இல்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே மண்டபம் சும்மா கிடக்கும். ராஜாங்கம் வாடகை வாங்குவதில்லை. அவருடைய ஒரே நிபந்தனை, கண்காட்சி நடக்கும் நேரம் முழுவதும் அவர் பாடுவார், யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது.

நல்ல மனிதர். குரலும் மோசமில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்கு என்று வாங்கிய ஸ்பீக்கர்களை ஓவியம் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே அளவில் வைப்பார். முதல் வருடம் அவர் உச்சத்துக்குப் போனபோது நீர்வண்ண ஓவியம் ஒன்று ஆணியோடு கீழே விழுந்தது. அதிலிருந்து நாங்கள் ஆணிக்குப் பதிலாக, சீரியல் லைட் கட்டுகிற இரும்புச் சட்டங்களில் ஓவியங்களைக் கம்பி போட்டுக் கட்டிவிடுகிறோம். அவருக்கு ஓர் ஓவியம் பிடித்துவிட்டால், அதற்கென்று ஒரு பாட்டைச் சமர்ப்பணம் செய்வார். மலைக்கோட்டைக்கு வீரப்பாட்டு, பூக்கூடைக்குக் காதல் பாட்டு. என் கிடாவுக்கு என்ன பாடுவது என்று அன்று காலையில் என்னிடமே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஓட்டு முறை வந்தது மூன்றாவது வருடத்தில். அதற்கு முன் ஒரு நடுவர் இருந்தார். மதுரையிலிருந்து காரில் வருவார். முதல் தடவை அவர் பரிசு கொடுத்தது ஆயக்குடிக்காரர் ஒருவர் வரைந்த கொய்யாக்கூடைக்கு. ஓவியத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஆயக்குடிக்காரர் காலையில் நடுவரின் காரில் ஒரு நிஜக் கூடையையும் ஏற்றியிருந்தார் என்று மாலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

யாரும் கோபப்படவில்லை. பாடம் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஒட்டன்சத்திரத்து ஓவியர் கத்திரிக்காய் மூட்டை கொண்டுவந்தார், நிலக்கோட்டைப் பெண் மல்லிகைப் பொட்டலம், இன்னொருவர் இளநீர்க் குலை. நடுவர் திரும்பிப் போகும்போது காரின் டிக்கியை மூட முடியவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம். பரிசு யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க முடியாமல், எல்லோருக்கும் ஆறுதல் பரிசு அறிவித்துவிட்டு அவர் போனார். மறுபடி வரவில்லை.

“ஊரே ஓட்டுப் போடட்டும்” என்று ராஜாங்கம்தான் சொன்னார். ஜெயிக்கிற ஓவியம் அவருடைய மண்டபத்தின் முகப்பில், நிரந்தரமாக. இந்த ஊரில் கல்யாணத்துக்குப் போகாதவர் யார்? வருகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் பந்திக்குப் போக வேண்டும்.

ஒரு வருட ஒப்பந்தம்

எனக்கு அந்த முகப்பைவிடப் பெரிய ஒன்று அந்த ஓட்டில் இருந்தது.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியன். பல வருடங்களாக மாம்பழத்தையும் தேசியக்கொடியையும் கரும்பலகையில் வரைந்து வருகிறவன். போன ஆடியில், இனி ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து முழுநேரமும் வரையப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சகுந்தலா அரசுப் பள்ளி ஆசிரியை. கையிலிருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் பாக்கலாம்.”

“பாக்கலாம்னா? யாரு பாக்குறது? நீங்களா, நானா?”

அவளுக்கு எதுவும் திட்டமாக இருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மளிகைச் சாமான் டப்பாக்களில் ஒருவர் பெயர் எழுதி ஒட்டினால் மற்றவர் தேதி எழுதி ஒட்டுவார். ஆகவே உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அவள் சொன்ன நிபந்தனை இது.

“ஒரு வருஷம் வரைங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அடுத்த கண்காட்சியில நம்ம ஊரு சனம் உங்க படத்தத் தேர்ந்தெடுத்துட்டா, இன்னொரு வருஷம் வரைங்க. இல்லன்னா பேசாம சாக்பீஸ எடுத்துக்கிட்டுக் கிளம்பிரணும். உங்க கூட்டாளிக நல்லாருக்குன்னு சொன்னது கணக்குல வராது.”

ஒப்புக்கொண்டேன். ஆடி முடிந்ததும் பள்ளியில் சேர வேண்டும் என்று தாளாளரும் சொல்லியிருந்தார்.

இப்போது உங்களுக்குப் புரியும், கருப்பையாவின் குரல் எங்கே போய் விழுந்தது என்று.

தன்னையே தின்ற விமர்சகர்

கிடாவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு வருடத்தில் வாராவாரம் வியாழக்கிழமை விடியும்போது அய்யலூர்ச் சந்தையில் இருப்பேன். கூம்பு மாதிரி மடித்த தாளில் சுண்டல் விற்கிறவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைவேன்.

முதல் இரண்டு வாரம் என்னைச் சுற்றி ஓர் ஆடுகூட நிற்கவில்லை. ஏதோ அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்து வியாபாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் கருப்பையா மட்டும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அட, படம் போடுறாருப்பா! ஏலே, எல்லாரும் வாங்கலே, பயப்படாதீக!”

அதிலிருந்து அவருடைய கிடாக்களை எனக்காகச் சற்று நேரம் பிடித்து நிறுத்துவார். ஒருநாள் நான் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள், அவருடைய கன்னிக் கிடா ஸ்டூலில் இருந்த தன் கரிக்கோட்டுப் படத்தை முழுவதும் தின்றுவிட்டது. காதில் ஆரம்பித்து வாலில் முடித்தது என்றார் சுண்டல்காரர். அவ்வளவு ஒழுங்காக என் படத்தை முழுமையாக உள்வாங்கிய விமர்சகர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கிடாவைத்தான் பெரிய கான்வாசில் வரைந்தேன்.

பின்னங்கால்களை மட்டும் எத்தனை தடவை அழித்து வரைந்தேன் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இங்கே சொல்ல மாட்டேன்.

ஆடி மாதம் ஆட்டு வியாபாரிகளுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். கோயில் கிடாவெட்டுகள் அப்போதுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆள் திரட்டிக்கொண்டு வருவதாகக் கருப்பையா சொன்னார். எனக்கு ஓட்டு கேட்கக் கூச்சம். “ஒரு எட்டு வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னேன். ஆட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என் ஆட்டின் முன்னால் நின்று இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும், ஊர் தானாக வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

மணமகள் அறையில் வாக்குச்சாவடி

ஓட்டுப்பதிவை சகுந்தலாவிடம் ஒப்படைத்தது ராஜாங்கம். சட்டசபைத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் என்று எல்லாவற்றிலும் சாவடி வேலை பார்த்தவள் அவள். ஒரு தடவை ஒரு கிராமத்துச் சாவடியில் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் ஆளுக்கொரு டம்ளர் டீயை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்களாம். ஒன்றையும் தொடாமல் வீட்டிலிருந்து கொண்டுபோன பிளாஸ்க்கைத் திறந்து குடித்திருக்கிறாள். ஆறிப்போகிறதே என்று கடைசியில் ஒரு கட்சிக்காரர் டீயை இன்னொரு கட்சிக்காரர் குடித்து, மதியத்துக்குள் எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்வாள்.

கண்காட்சிக்கு அவள் செய்த ஏற்பாடு எளிமையானது. ஓவியத்துக்கு ஒரு மண் உண்டியல். அத்தனை உண்டியல்களும் எண் ஒட்டி மணமகள் அறைக்குள் வரிசையாக இருக்கும். வருகிறவருக்கு ஒரே ஒரு புளியங்கொட்டை. தனியாக உள்ளே போய், பிடித்த ஓவியத்தின் எண் உள்ள உண்டியலில் போட்டுவிட்டு வர வேண்டும். மாலையில் உண்டியலை உடைத்துக் கொட்டைகளை எண்ணுவது.

மறுபடி வரிசையில் நிற்காமலிருக்க நகத்தில் மை. அதற்கு என் கோபால்ட் நீல டியூபைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். அது என்னிடம் இருப்பதிலேயே நல்ல நீலம். அன்று திண்டுக்கல் டவுன் பஸ்களில் கம்பியைப் பிடித்து நின்ற பாதிப் பேருடைய ஆள்காட்டி விரலில் என் வானம் ஒட்டிக்கொண்டிருந்தது.

விதிகளைக் காலையிலேயே மைக்கில் படித்தாள். மண்டபத்துக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. ஓட்டுப் போட வருகிறவருக்கு ஓவியர் எதுவும் கொடுக்கக் கூடாது. மீறினால் ஓவியம் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

“பழனி பஞ்சாமிர்தம்கூடக் கூடாதா டீச்சர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“பிரசாதமும் பொருள்தான்” என்றாள்.

என் போட்டியாளர் ஆரோக்கியம் பேகம்பூர்ப் பக்கம் தையற்கடை வைத்திருப்பவர். வருடா வருடம் மலைக்கோட்டையை மாலை வெயிலில் வரைவார். ஒரு வருடம் சூரியன் இடது பக்கம் இருக்கும், மறு வருடம் வலது பக்கம். முந்தைய வாரமே, தைத்துக் கொடுத்த ஒவ்வொரு ஜாக்கெட்டுக்குள்ளும் ‘ஐந்து’ என்று எழுதிய துண்டுச் சீட்டை மடித்து வைத்திருந்தார். நான் புகார் செய்தேன். அது விதிகளை அறிவிப்பதற்கு முந்தைய பிரச்சாரம், புகார் செல்லாது என்று என் மனைவி தள்ளுபடி செய்தாள்.

வலு வந்த கதை

கரண்ட் திரும்பி வந்தது. ராஜாங்கம் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சேதம் நடந்து முடிந்துவிட்டது. கூட்டமாக வந்தவர்கள் கிடாவைப் பார்ப்பதற்கு முன் வியாபாரிகளின் வாயைப் பார்த்தார்கள். அவர்களோ நிறுத்துவதாக இல்லை.

“பல்லே போடல இன்னும், வெறும் குட்டி.”

“கொம்பு கோணல்.”

“காது மட்டும் பரவால்ல. காத வச்சு என்னாத்தச் செய்யிறது?”

ஒரு குடும்பம் என் ஓவியத்தின் முன் நின்று, “ஆட்டுக்காரங்களே சொல்றாங்கல்ல, அவுங்களுக்குத் தெரியாததா?” என்று பேசிக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போனது. ஆரோக்கியத்துக்கே சங்கடமாகிவிட்டது. என் பக்கம் வந்து காதில் கத்தினார்.

“மாஸ்டர், இவுகள நீங்கதான கூட்டிட்டு வந்தீக? எதுக்கு?”

எனக்குப் பொறுக்கவில்லை. கருப்பையாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். பாட்டுச் சத்தத்தில் பேச முடியாது. எதிரே டீக்கடை இருந்தது. சும்மா நின்று பேசினால் நன்றாக இராது என்று இரண்டு டீ சொன்னேன். அவர் கடைத் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.

“ஏன் கருப்பையா இப்படிப் பண்றீங்க? உங்க கிடாதானே அது? பிடிக்கலைன்னா சும்மா இருந்திருக்கலாம்ல?”

அவர் வடையை வாயருகே வைத்தபடி என்னை அதிசயமாகப் பார்த்தார்.

“யாரு சார் புடிக்கலன்னா? அச்சு அசலா அவனேதான சார் நிக்கிறான்! எனக்கு அழுகையே வந்துருச்சு. போன மாசம்தான் வித்தேன் அவன.”

“அப்புறம் ஏன் காலு சரியில்ல, கண்ணு சரியில்லன்னு ஊரு கேக்கக் கத்துறீங்க?”

“நல்லாருக்குன்னு சொன்னா அம்புட்டுப் பேரும் வந்து நிப்பாகல்ல சார்? நமக்கு வேணும்கிற ஆட்ட எவனாச்சும் நல்லாருக்குன்னு சொல்லுவானா? குத்தம் சொன்னாத்தான அடுத்தவன் ஒதுங்குவான்? நான் அத வீட்டுக்குக் கொண்டு போகணும்னு பாக்குறேன். அந்த மூணு பேரும் அதேதான் பாக்குறாக, திருட்டுப் பயலுக. இல்லாட்டி அவனுக என்னாத்துக்குக் கொம்பு கோணல்ங்கிறானுக?”

சந்தையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். வாங்குகிறவன் மட்டம் தட்டுவான் என்பது அங்கே எனக்குத் தெரியும். ஆட்டிலிருந்து ஆட்டுப் படத்துக்கு அந்தப் பழக்கம் தொற்றும் என்றுதான் தெரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அன்று மண்டபத்திலேயே மிக அதிகமாகப் பாராட்டப்பட்டது என் ஓவியம்தான்.

“இங்க படத்த வாங்க வரல கருப்பையா. ஓட்டுப் போட வந்திருக்கோம். நீங்க சொல்றதக் கேட்டு எல்லாரும் மலைக்கோட்டைக்குப் போடுறாங்க. நான் ஜெயிக்கலைன்னா திரும்ப ஸ்கூலுக்குப் போகணும்.”

அவர் டம்ளரைப் படக்கென்று கீழே வைத்தார்.

“அய்யய்யோ! இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? இருங்க, இப்பச் சரி பண்றேன்.”

வேண்டாம், பேசாமல் ஓட்டை மட்டும் போடுங்கள் என்று நான் சொல்வதற்குள் அவர் சாலையைக் கடந்துவிட்டார்.

உள்ளே போனதும் நேராக மேடைக்குப் போய், ராஜாங்கத்திடம் பாட்டை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். இத்தனை வருடத்தில் யாரும் செய்யத் துணியாத காரியம். ராஜாங்கம் திகைத்துப்போய் நிறுத்திவிட்டார். கருப்பையா கிடாவின் முன்னால் வந்து நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முப்பது வருட வியாபாரத்தில் அடுத்தவர் கையில் இருக்கும் ஆட்டை ஒரு தடவைகூடப் புகழாத வாய். அதைத் திறந்தார். எதுவும் வரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி, மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இது நல்ல கிடா. கால் நல்லாருக்கு. கண்ணு நல்லாருக்கு. கொம்பும் நல்லாருக்கு. குத்தமே இல்ல.”

வரிசையில் கையில் புளியங்கொட்டையோடு நின்ற ஓர் அம்மா கேட்டார்.

“இப்பத்தானய்யா கால்ல வலுவே இல்லன்னீக? டீ குடிச்சிட்டு வந்ததும் வலு வந்துருச்சாக்கும்?”

சிரிப்பு மண்டபத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பி வந்தது. கீபோர்டுக்காரர் சமயம் பார்த்து ஒரு கட்டையை அழுத்தி ‘டொய்ங்’ என்று ஓர் ஓசை கொடுத்தார்.

சகுந்தலா எழுந்தாள்.

விசாரணை

மணமகள் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாக எதிர் டீக்கடை தெளிவாகத் தெரியும். இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

“நீங்க டீ குடிச்சீங்களா?” என்று கருப்பையாவிடம் கேட்டாள்.

“குடிச்சேன் டீச்சரம்மா. வடையும் தின்னேன்.” அவருக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. ஆட்டைப் பற்றி மட்டும்தான் சொல்வார்.

“யாரு வாங்கிக் குடுத்தா?”

“சார்தான்.”

“ஓட்டுப் போட்டாச்சா? விரலக் காட்டுங்க.”

காட்டினார். நீலம் இல்லை.

“டீயக் குடிச்சிட்டு வந்து தெம்பாப் போடலாம்னு…”

நான் நடுவே புகுந்து, அது ஓட்டுக்காக வாங்கிய டீ இல்லை, பேசுவதற்காக வாங்கிய டீ என்றேன். நான் சொல்வது எனக்கே கேட்க நன்றாக இல்லை. ஆரோக்கியம் எனக்காக வாதாட வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“விடுங்க டீச்சர். ஒரு டீ. இதப் போயி…”

“டீன்னா விட்டுரலாம், பிரியாணின்னாத்தான் பிடிக்கணுமா? எந்த ரூல்ல இருக்கு?”

பிறகு மைக்கை வாங்கினாள். பள்ளியில் வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுகிற அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லை. பன்னிரண்டாம் எண் ஓவியத்தின் ஓவியர் வாக்காளர் ஒருவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தது விசாரணையில் தெரியவந்திருக்கிறது. ஆகவே அந்த ஓவியம் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. அதன் உண்டியல் உடைக்கப்படாது. அவ்வளவுதான். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ராஜாங்கத்துக்கு இந்தச் சூழ்நிலைக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு சோகப் பாட்டை ஆரம்பித்து, பாதியில் அது காதல் தோல்விப் பாட்டு என்று உறைத்து, நிறுத்திவிட்டார்.

மாலையில் உண்டியல்களை உடைத்தார்கள். மலைக்கோட்டை ஜெயித்தது. இந்த வருடம் சூரியன் இடது பக்கம். ஆரோக்கியத்துக்கு முதலில் கை கொடுத்தது நான்தான். அவருக்கு அது முதல் வெற்றி.

கருப்பையா கூட்டம் கலையும்வரை கிடாவின் முன்னாலேயே நின்றார். பிறகு சகுந்தலாவிடம் போய், “டீச்சரம்மா, தோத்த படந்தான? காலு வேற சரியில்ல. நான் வேணும்னா வீட்டுல ஒரு ஓரமா மாட்டிக்கிறேன்” என்றார்.

“படம் விசாரணையில இருக்கு. இப்பக் குடுக்க முடியாது” என்றாள்.

அன்றிலிருந்து சந்தை முடிந்த வியாழக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். கிடாவைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு குறை சொல்லிவிட்டுப் போகிறார். நாங்கள் டீ கொடுப்பதில்லை. மோர்தான்.

உடையாத உண்டியல்

பன்னிரண்டாம் எண் உண்டியலை சகுந்தலா வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். வாயில் காகிதம் ஒட்டியிருந்தது. நான் புதன்கிழமை பள்ளியில் சேர வேண்டும். அதுவரை அந்த உண்டியல் சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு அதை எடுத்துக் குலுக்கினேன். சத்தம் வந்தது. ஆனால் சத்தத்திலிருந்து எத்தனை என்று எப்படிச் சொல்வது? நான் எதையும் உத்தேசமாக விடுகிற ஆள் இல்லை. கடைவீதிக்குப் போய் அதே அளவில் இன்னோர் உண்டியல் வாங்கிவந்தேன். சமையலறையிலிருந்த புளியை எடுத்துக் கொட்டை நீக்கி, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, காதில் வைத்துக் குலுக்கி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று மற்றதைவிடத் தடித்த மண். எதுவும் விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சகுந்தலா, “வீட்டுல இருந்த அம்புட்டுப் புளியிலயும் கொட்டை எடுத்து வச்சிருக்கீங்களே, ரொம்ப உதவி” என்றாள்.

புதன்கிழமை காலை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். ஒரு வருடமாகத் தொடாத ஷூவைத் துடைத்துக் காலில் போட்டேன். டப்பாவில் வண்ணச் சாக்பீஸ்களை நிறவாரியாக அடுக்கினேன். சகுந்தலா அவளுடைய சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் நின்றாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஸ்கூலுக்குத்தான். ஒப்பந்தப்படி.”

“ஒப்பந்தம் என்ன? ஊரு தேர்ந்தெடுக்கலைன்னா போகணும்.”

“அதான் தேர்ந்தெடுக்கலையே.”

“யாரு சொன்னா? உங்க உண்டியல எண்ணவே இல்ல. எண்ணாத ஓட்டுல யாரும் தோத்ததா அறிவிக்க முடியாது. ஒரு இடத்துல தேர்தல் நின்னுபோச்சுன்னா மறுதேர்தல் வரைக்கும் பழைய நிலைமதான். அடுத்த ஆடிக்குப் பாக்கலாம்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். வாக்குச்சாவடி முகம். ஒரு சுருக்கம் இல்லை.

“தாளாளர் ஒத்துக்க மாட்டார்” என்றேன்.

“நான் பேசிட்டேன். இன்னொரு வருஷம் லீவு போட்டுக்கச் சொல்லிட்டார்.”

“எப்பப் பேசின?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை. நீங்க மாடியில கிடாவுக்குச் சட்டம் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க.”

கேட் மூடியது. டவுன் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் நடையை வேகப்படுத்தினாள்.

நான் நாள்தோறும் டைரி எழுதுகிறவன். ஓட்டுப்பதிவு நடந்தது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால்தான் வருகிறது. இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

குனிந்து ஷூவைக் கழற்றினேன்.